பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நேர்முகத் தேர்வு

நேர்முகத் தேர்வு என்றதும் இறுதியாண்டு மாணவர்களாகிய நமக்கு நம்முடைய கவலைதான் முன்னே வந்து நிற்கும். ஆயினும் நமக்குத் துணைக்கு ஆள் உண்டு. பல்கலைக்கழகத்தில் பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள், மாதிரி நேர்காணல் வைக்கிறார்கள், வேலைக்குப் போய்விட்ட மூத்த மாணவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள். அதே நேர்காணல் அறைக்கு வெளியே, நமக்குப் பக்கத்து நாற்காலியில், நம் அம்மாவின் வயதில் ஒருவர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கடைசியாக நேர்காணலுக்குப் போனபோது நாம் பிறந்திருக்கவே மாட்டோம். அவருக்குப் பட்டறையும் இல்லை, மூத்த மாணவரும் இல்லை. பல ஆண்டுகள் வேலையை விட்டிருந்தவர் மீண்டும் நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. நம் கழகத்தின் முன்னாள் மாணவியரில் பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர்களும் இதைப் படிக்கக் கூடும். மற்றவர்களுக்கு வீட்டில் ஓர் அம்மாவோ சின்னம்மாவோ இருப்பார்.

நம் நாட்டில் இது சிறிய கூட்டமன்று. 2023ஆம் ஆண்டில் வேலைச் சந்தையில் இருந்த ஆண்கள் ஏறக்குறைய 83 விழுக்காட்டினர். பெண்களோ 56 விழுக்காட்டை ஒட்டியே இருந்தனர். இடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி திருமணத்திற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிறகு வேலையை விட்ட பெண்கள்தாம் என்பதை நம் குடும்பங்களைப் பார்த்தாலே அறியலாம்.

என் ஊர் பத்து காஜா. ஈயத்தாலும் ரப்பராலும் வளர்ந்த ஊர். தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்று சுற்றுப்பயணிகள் பார்த்துச் செல்லும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982இல் வேலையை நிறுத்தியது. 1985இல் ஈயத்தின் விலை சரிந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறின. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவருக்கு நேர்காணல் என்ற ஒன்றே இருந்ததில்லை. செக்ரோலில் பெயர் ஏறியது, காலைப் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் நேர்காணலுக்குப் போனவர் என் சின்னம்மா. எஸ்.பி.எம். முடித்து, கணக்கியலில் எல்.சி.சி.ஐ. சான்றிதழ் எடுத்து, 2000ஆம் ஆண்டில் ஈப்போவில் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். அன்று அவரிடம் கேட்டவை மூன்றே கேள்விகள்: சான்றிதழ் இருக்கிறதா, தட்டச்சுத் தெரியுமா, எப்போது வரலாம்? பத்து நிமிடத்தில் முடிந்தது. 2006இல் மூத்த பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டார்.

2025இல் லோரி ஓட்டுநரான சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டாவது பிள்ளை எஸ்.பி.எம். எழுத வேண்டிய ஆண்டு. வேலை தேடுவது சின்னம்மாவின் விருப்பம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. தன்விவரக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார். “2006க்கு அப்புறம் என்ன எழுதட்டும் சின்னம்மா?” என்று கேட்டேன். “என்னத்த எழுதறது, வீட்டுல சும்மாதான் இருந்தேன்” என்றார். இந்தச் ‘சும்மா’ என்ற சொல்லைத் தூக்கி எறிவதில்தான் தயாரிப்பு தொடங்குகிறது என்பது என் கருத்து.

முதலில் கசப்பான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இடைவெளியை முதலாளிகள் கவனிக்கிறார்கள். அமெரிக்காவில் கேத்ரின் வைஷார் என்ற சமூகவியல் ஆய்வாளர் கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார். வேலையில் இருக்கும் தாய்மார்களின் விண்ணப்பங்களுக்கு 15.3 விழுக்காடு அழைப்பு வந்தது. வேலை இழந்த தாய்மார்களுக்கு 9.7, பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்தவர்களுக்கு 4.9 மட்டுமே. எல்லாரும் ஒரே தகுதி உடையவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே பத்து விண்ணப்பத்திற்குப் பதில் வராவிட்டால் அது தம் குறை என்று எண்ணிவிடக் கூடாது. இருபது, முப்பது அனுப்ப வேண்டியிருக்கும் என்று முதலிலேயே மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

இன்னோர் ஆய்வு நம் கைக்கு உதவுவது. பிரிட்டனில் ஆரியெல்லா கிரிஸ்டலும் அவர்தம் குழுவினரும் ஏறத்தாழ 9,000 விண்ணப்பங்களை அனுப்பி, 2022இல் முடிவை வெளியிட்டனர். செய்த மாற்றம் மிகச் சிறியது. தன்விவரக் குறிப்பில் ‘2000 முதல் 2006 வரை’ என்று தேதியைப் போடாமல் ‘6 ஆண்டுகள்’ என்று அனுபவத்தின் அளவைப் போட்டார்கள். இடைவெளி வெளிப்படையாகத் தெரிந்த குறிப்புகளைவிட இவற்றுக்கு ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. நேர்காணலில் கேட்டால் ஆண்டைச் சொல்லத்தான் போகிறோம். முதல் பார்வையிலேயே காகிதத்தை ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவே. சின்னம்மாவின் குறிப்பை அப்படியே மாற்றினோம். ஆண்டுகளை மறந்திருந்தார், பீரோவில் கிடந்த ஊழியர் சேமநிதி வாரியத்தின் பழைய கணக்கறிக்கைகளைப் பார்த்துச் சரிசெய்தோம்.

அடுத்தது, தாம் இல்லாத காலத்தில் தம் தொழிலில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது. பலர் உடையையும் பேச்சையும் பற்றிக் கவலைப்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள். கணக்கு எழுத்தர் வேலையையே எடுத்துக்கொள்வோம். சின்னம்மா வீட்டில் இருந்த 19 ஆண்டுகளில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது: 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட், 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூனில் சுழியமாக்கப்பட்டது. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பியது. அதாவது ஒரு வரி முழுவதும் பிறந்து, ஆண்டு, மறைந்ததைச் சின்னம்மா ஒரு நாளும் கணக்கில் எழுதியதில்லை! 2018இல் பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டம் வந்ததால் சம்பளப் பட்டியலில் ஒரு பிடித்தம் கூடியது. 2024 ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி மின் விலைப்பட்டியல் முறை படிப்படியாக வந்திருக்கிறது.

இவற்றில் கரைகண்டவராக வேண்டியதில்லை. மூன்று மாலைப் பொழுதில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் விளக்கங்களைப் படித்து ஒரு பக்கத்தில் எழுதிவைத்தோம். அந்த ஒரு பக்கம் நேர்காணலில் என்ன செய்தது தெரியுமா? “இவ்வளவு காலம் வெளியில் இருந்துவிட்டீர்களே, வேலை எல்லாம் மாறிவிட்டதே” என்று கேட்டபோது, என்னென்ன மாறியது என்பதைச் சின்னம்மாவே வரிசையாகச் சொன்னார். கேட்டவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாராம். வேறு தொழிலில் இருந்தவர்களும் இதையே செய்யலாம். தாதியருக்கும் ஆசிரியருக்கும் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டாளருக்கும் இப்படி ஒரு பக்கம் இருக்கத்தான் செய்யும்.

கேள்விகளின் போக்கும் மாறியிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கேரி லாத்தம், டாம் ஜான்ஸ் போன்ற ஆய்வாளர்கள் ‘நீங்கள் எப்படிப்பட்டவர்’ என்று கேட்பதைவிட ‘இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்’, ‘இப்படி ஒன்று நடந்தபோது என்ன செய்தீர்கள்’ என்று கேட்பதே ஆளை அறிய நல்ல வழி எனக் காட்டினர். எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் முறை அதிலிருந்து பரவியது. யார் நன்றாக வேலை செய்வார் என்பதை முன்கூட்டி அறியும் வழிகளில் இதுவே முதலிடத்தில் இருப்பதாக 2022இல் பால் சாக்கெட் குழுவினரின் மறுஆய்வும் கூறிற்று. ஆண்டுக் கணக்கில் வெளியில் இருந்தவருக்கு இது நல்ல செய்தி. நடந்த ஒன்றைச் சொல்லும்படி கேட்கிறார்கள். அது அலுவலகத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்று எப்போதும் சொல்வதில்லை.

அப்படியானால் எதைச் சொல்வது? சின்னம்மாவை உட்காரவைத்து இத்தனை ஆண்டுகளில் செய்தவற்றைக் கேட்டேன். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான்கு ஆண்டுகள் பொருளாளர். கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்கு. சித்தப்பாவின் லோரிக்குக் கடன் தவணை, காப்புறுதி, சாலை வரி எல்லாம் அவர்தாம் பார்த்தார். பக்கத்து வீடுகளோடு சேர்ந்து கூட்டுப் பணமும் பிடித்திருக்கிறார். அதை மட்டும் நேர்காணலில் சொல்ல வேண்டாம் என்றேன்! கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; அக்கம்பக்கத்துப் பழக்கம் என்று விளக்கப் போனால் வீண் வம்பு.

மற்றவற்றில் ஒன்றை எடுத்து நான்கு பகுதியாகப் பிரித்தோம்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. ‘நான் பொருளாளரானபோது விளையாட்டுப் போட்டி நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு எண் வரிசையில் இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரியவில்லை. எண்ணிட்ட சீட்டுப் புத்தகம் வாங்கி, வகுப்புக்கு ஒன்றாகக் கொடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் வங்கி இருப்போடு ஒப்பிட்டேன். அந்த ஆண்டுக் கூட்டத்தில் தணிக்கையாளர் ஒரு கேள்விகூட எழுப்பவில்லை.’ ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். ‘நான் பொறுப்பானவள், கடின உழைப்பாளி’ என்று பத்து முறை சொன்னாலும் இதற்கு ஈடாகாது. இப்படி நான்கைந்து கதைகள் கைவசம் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றில் ஒன்று பொருந்திவிடும். தவறு நடந்து திருத்திய கதை ஒன்றும், பிறரோடு கருத்து வேறுபட்ட கதை ஒன்றும் அவற்றில் கட்டாயம் இருக்கட்டும். அவற்றைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

இங்கே மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நம்மில் பலருக்கு அந்த முதலாண்டு நினைவிருக்கும். விடை தெரியும், ஆனால் மலாயில் வாக்கியம் வாயில் வராது. புகுமுக வகுப்பில் அமர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பல்லாண்டு வீட்டில் தமிழிலேயே பேசி இருந்தவருக்கு அந்த நிலை மீண்டும் வருகிறது. சந்தையிலும் கிளினிக்கிலும் பேசும் மலாய் சின்னம்மாவுக்குச் சரளம். ஆனால் ‘சீலா செரித்தாக்கான் தெந்தாங் டிரி அண்டா’ என்று கேட்டதும் குரல் தாழ்ந்துவிட்டது. மனனம் செய்யச் சொல்வது தவறான வழி. ஒரு சொல் மறந்தால் முழுவதும் நின்றுவிடும். நாங்கள் கதையை முதலில் தமிழில் நன்றாகச் சொல்லவைத்தோம். பிறகு அதில் வரும் தொழிற்சொற்களை மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பட்டியலிட்டோம்: லெஜர், இன்வோய்ஸ், ரெசிட், பாக்கி பேங்க். அதன் பின் அதே கதையை மலாயில், ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியங்களில். மூன்றாவது நாள் குரல் திரும்பிவிட்டது.

என் அறைத்தோழியர் இருவர், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர், காணொளி வழியாக நேர்காணல் செய்பவர்களாக அமர்ந்தனர். உறவினர் கேட்டால் பயிற்சியாகாது. சின்னம்மாவுக்கு முகம் தெரியாதவர் கேட்க வேண்டும். இன்று முதல் சுற்று நேர்காணலைப் பல நிறுவனங்கள் காணொளியில்தான் வைக்கின்றன. ஆகவே கைப்பேசியைக் கண் மட்டத்தில் நிறுத்துவது, கருவியைப் பார்த்துப் பேசுவது எல்லாம் இதிலேயே பழகிவிட்டன.

‘கெனாப்பா பெர்ஹெந்தி?’ ஏன் வேலையை விட்டீர்கள்? இக்கேள்வி எப்படியும் வரும். நீண்ட விளக்கம் இங்கே கெடுதி. மன்னிப்புக் கேட்கும் தொனி அதைவிடக் கெடுதி. மூன்று வாக்கியம் போதும்: பிள்ளைகளை வளர்க்க விட்டேன், இப்போது அவர்கள் பெரியவர்களாகிவிட்டார்கள், கணக்கு வேலைக்குத் திரும்ப இன்னின்ன படித்திருக்கிறேன். சித்தப்பாவின் நோயைச் சொல்லலாமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. இரக்கத்தில் வேலை கிடைத்தால் என்ன தவறு என்றார் அம்மா. சின்னம்மா மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

அரசாங்கத்தின் உதவியும் உண்டு. டேலண்ட்கார்ப் 2015 முதல் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கெனத் திட்டம் வைத்திருக்கிறது. குறைந்தது இரண்டாண்டுகள் வேலையில் இல்லாமல் திரும்பும் பெண்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்திற்கு வருமான வரி விலக்கு 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பட்டதாரிகளான நம் முன்னாள் மாணவியர் இதை விடாமல் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மாதம் 2,000 ரிங்கிட் வாங்குபவர் வரியே கட்டுவதில்லை. அவருக்கு விலக்கு எதற்கு? பத்து காஜாவுக்கு இத்திட்டம் எட்டவில்லை என்றுதான் சொல்வேன். பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளம் பரவாயில்லை. கட்டணமில்லை, யாரும் பதியலாம், ஊர் வாரியாக வேலை தேடலாம். சின்னம்மாவின் இரண்டு அழைப்புகளும் அதன் வழியாக வந்தவையே.

முதல் இடத்திலிருந்து பதிலே இல்லை. இரண்டாவது, பெங்காலான் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. அங்கே இறுதியில் இரண்டு விஷயங்கள் பேசப்பட்டன. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றார்கள். ‘நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்’ என்று சொல்லக் கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அதே வேலைக்கு ஈப்போ வட்டாரத்தில் வந்த விளம்பரங்களைப் பார்த்துவிட்டு 2,000 முதல் 2,300 ரிங்கிட் என்றார். பிறகு, கேட்க ஏதேனும் உண்டா என்றபோது, புதன்கிழமைகளில் பத்து காஜா மருத்துவமனையில் கணவருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை இருப்பதை அப்போதுதான் சொல்லி, அன்று பத்து மணிக்கு வரலாமா என்று கேட்டார். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, ஊழியர் நெகிழ்வான வேலை நேரத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் கூற வேண்டும். வேலையில் சேராதவருக்கு இவ்வுரிமை இல்லை என்பதால் சட்டத்தைப் பேசாமல் வேண்டுகோளாகவே வைத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன் என்று ஒப்புக்கொண்டார்கள். மற்றப் புதன்கிழமைகளில் மூத்த பிள்ளை சித்தப்பாவை மோட்டாரில் கூட்டிச் செல்கிறான். சம்பளம் 2,050.