செயலிக்கும் மருந்துச்சீட்டு

மாணவர்களே, தூக்கமின்மையைப் போக்க உதவும் செயலி ஒன்றை நீங்கள் கோலாலம்பூரில் உருவாக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஜெர்மனிக்குக் கொண்டு செல்ல முடியுமா?

அங்கு 2019இல் நிறைவேறிய சட்டப்படி, மருத்துவர்கள் மாத்திரையைப் போலவே செயலியையும் மருந்துச்சீட்டில் எழுதித் தரலாம். செலவைப் பொதுக் காப்புறுதி ஏற்கும். அதில் இருப்பவர்கள் ஏறத்தாழ 73 மில்லியன் பேர்! ஆனால், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் ஜெர்மன் அரசுக் கழகத்தின் பட்டியலில் முதலில் இடம்பெற வேண்டும்.

அதற்கு, மருத்துவக் கருவிகளுக்கான ஐரோப்பிய 'சிஇ' முத்திரை தேவை. செயலி ஜெர்மன் மொழியில் இருக்க வேண்டும். நோயாளிகளின் தரவை ஐரோப்பிய ஒன்றியத்திலோ, நிகரான பாதுகாப்பு உள்ளதாக ஒன்றியம் ஏற்ற நாடுகளிலோதான் கையாளலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, பலனை நிரூபிப்பது. செயலியைப் பயன்படுத்தியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள் என்று சொன்னால் போதாது. செயலி இல்லாமலும் அவர்கள் தேறியிருக்கலாம் அல்லவா? எனவே, அதைப் பயன்படுத்தாத குழுவுடன் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஆய்வை மலேசியாவில் நடத்தினால், அதன் முடிவு ஜெர்மனியின் நோயாளிகளுக்கும் பொருந்தும் என நிறுவ வேண்டும்.

விண்ணப்பத்தைக் கழகம் 3 மாதங்களில் மதிப்பிடும். தொடக்கத் தரவு நம்பிக்கை தந்தால், முழுச் சான்று திரட்ட 12 மாதங்கள் தற்காலிக இடம் கிடைக்கும். பலனை நிரூபிக்க முடியாத சில செயலிகள் நீக்கப்பட்டுள்ளன.

உங்கள் கைப்பேசியில் ஏதேனும் செயலி உடல்நலத்துக்கு உறுதி கூறினால், நீங்களும் கேளுங்கள்: "யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?"