அட்டை இருந்தும் கைக்காசு எங்கே போகிறது?

"அட்டை இருந்தும் நாப்பதாயிரம் போயிட்டே, அப்புறம் என்ன காப்பீடு அது?" என்று கேட்டீர்கள், அண்ணாச்சி. நியாயமான கேள்வி. டீயைக் குடியுங்கள். இந்தச் சாரல் விடுகிறவரை நாம் இரண்டு பேரும் எங்கேயும் போகப் போவதில்லை. அந்த நாற்பதாயிரத்தில் எது போயே தீரும், எது போயிருக்கவே வேண்டாம் என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் அட்டையைப் பற்றி. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப வருமான வரம்பு 72 ஆயிரமாக இருந்து, 2022இல் 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. உங்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை.

இந்த 5 லட்சம் உங்கள் பெயரில் பேங்கில் கிடக்கிற பணம் மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் 'பேக்கேஜ்' என்று ஒரு விலை பேசி வைத்திருக்கிறார்கள். மதினிக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றதும் ஆஸ்பத்திரி காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி முன்அனுமதி வாங்கும். அனுமதி வந்தபின் சிகிச்சை, பிறகு பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். படுக்கை, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், உள்ளே கொடுக்கிற மருந்து, ஸ்டென்ட் எல்லாம் அந்த ஒரே விலைக்குள் அடக்கம். கட்டுப்படியாகவில்லை என்றால் அது ஆஸ்பத்திரியின் பாடு. உங்களிடம் மிச்சத்தைக் கேட்கக் கூடாது.

சரி, அந்த மஞ்சள் பையைப் பிரியுங்கள். ரசீதுகளை மேஜையில் பரப்புவோம். தென்காசியில் தனியார் லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனை, எக்கோ, டாக்டர் ஃபீஸ்: 6,500. திருநெல்வேலிக்கு இரண்டு தடவை கார் வாடகை: 4,500. துணைக்கு இருந்தவர்கள் தங்கியது, சாப்பிட்டது: 5,000. 'நல்ல கம்பெனி ஸ்டென்ட்' என்று சொல்லித் தனியாக வாங்கியது: 10,000. வீட்டுக்கு வந்தபின் மூன்று மாத மாத்திரை: 6,000. இதற்கெல்லாம் மேலே, எந்தத் தாளிலும் ஏறாத ஒன்று: நீங்கள் கடை திறக்காத நாட்களும் மதினி பீடி சுற்றாத நாட்களும். அது 8,000 என்று நீங்களே சொன்னீர்கள். கூட்டினால் 40,000.

இதில் அந்த 10,000 ரூபாயைப் பாருங்கள். ரசீது கூட இல்லை, ஒரு வெள்ளைத் துண்டில் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது உங்களிடம் கேட்டிருக்கவே கூடாத பணம். ஸ்டென்ட் பேக்கேஜுக்குள் இருக்கிறது. அட்டை இல்லாமல் கைக்காசு கொடுத்து வாங்குபவர்களுக்கே 2017 பிப்ரவரியில் அரசு உச்சவிலை வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது 30,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேலும் விற்றுக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்கவும், ரசீது கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் மரியாதைக் குறைவு ஆகிவிடும் என்ற நம் ஊர்க் கூச்சத்துக்குக் கொடுத்த விலைதான் அந்தப் பத்தாயிரம்.

அடுத்தது மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. இவை தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் இலவசம். தனியாரில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அங்கே தர மாட்டார்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக ஆளே வீட்டுக்கு வருகிறார்.

இந்த இலவச மாத்திரைக்குப் பின்னால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய அமைப்பு. மாநிலத்துக்கே மொத்தமாக, கம்பெனிப் பெயர் பார்க்காமல், மருந்துப் பெயரில் டெண்டர் விட்டு வாங்குகிறது. காப்பீட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. என் கணக்கில் நம் ஜனங்களின் கைக்காசை அதிகம் காப்பாற்றியது இதுதான். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், இந்திய அளவில் ஒரு தடவை படுத்து எழுந்தால் ஆன மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் சராசரி 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். பிரசவம் இதில் சேரவில்லை. எந்த ஆஸ்பத்திரி வாசலில் ஏறுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

"இலவச ஆஸ்பத்திரியில எதுக்கு அட்டையைக் கேட்கான்?" என்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பலர் சண்டை போடுவார்கள். அங்கேயும் அட்டையைப் பதிந்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது. கருவி வாங்க, ஆள் போட, அடுத்தவருக்கு இம்பிளான்ட் வாங்க அது உதவும். கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

தனியார் லேப் பரிசோதனையை விட்டால், மிச்சம் இருப்பது பயணம், சாப்பாடு, போன கூலி. இதற்கு எந்த அட்டையும் கிடையாது. கர்நாடகத்தில் இதேபோன்ற ஒரு திட்டம் வந்த கிராமங்களையும், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வராத கிராமங்களையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. திட்டம் வந்த பக்கம் இதயநோய், புற்றுநோய் போன்றவற்றால் சாவும் குறைந்தது, பெரிய ஆஸ்பத்திரிச் செலவும் குறைந்தது. ஆகவே காப்பீடு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். கூலிக்காரருக்கு ஆபரேஷன் இலவசமானாலும் துணைக்கு ஒருவர் பத்து நாள் இருப்பது இலவசம் இல்லை. 2008இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனாவில் படுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை பயணப்படி இருந்தது. தொகை சின்னதுதான், ஆனால் அந்த யோசனை சரி. இன்றைய விலைக்கு ஏற்ப அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், துணை இருப்பவரின் கூலியில் ஒரு பங்கையும் சேர்த்து.

உங்கள் மருமகன் பாலிசி எடுத்திருப்பதாகச் சொன்னீர்களே, அவருக்கும் ஒரு வார்த்தை. காசு கட்டி எடுக்கும் பாலிசியில் பலரைக் கவிழ்ப்பது அறை வாடகை. 3 லட்சம் பாலிசி, வாடகை வரம்பு நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 என்று வையுங்கள். அவர் 5,000 ரூபாய் ரூமில் நாலு நாள் படுக்கிறார். எட்டாயிரம்தானே கையிலிருந்து போகும் என்று நினைப்பார். ஆனால் டாக்டர், தியேட்டர், நர்ஸ் கட்டணம் 1 லட்சம் என்றால், அதிலும் ஐந்தில் மூன்று பங்கைத்தான், 60,000 ரூபாயை மட்டும்தான், கம்பெனி கொடுக்கும். எட்டாயிரம் நாற்பத்தெட்டாயிரம் ஆகிவிடும். மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை, ஐசியு ஆகியவற்றில் இப்படிக் கை வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. ரூமைப் பார்த்து டாக்டர் கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியிலும் இந்த வெட்டு கூடாது. பாலிசித் தாளில் 'ரூம் ரென்ட்' என்ற வரியை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

அருவி சீசன் நேரம் என்பதால் இன்னொன்று. சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பரில் வந்தது. அட்டை தேவையில்லை, புளியரை எல்லை தாண்டி வருகிற மலையாளிக்கும் உண்டு, விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால் போதும். ஐந்தருவிப் பாறையில் வழுக்கிக் கால் உடைந்தால் அது சாலை விபத்து இல்லை. அதற்கு அட்டைதான்.

ஆகவே, நோய் வந்தபின் விஏஓவைத் தேடி ஓடாதீர்கள். இந்த வாரமே வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போய், புதிதாய் வந்த மருமகள் பெயரும் பேரன் பெயரும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் யாராவது மேற்கொண்டு பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்னால் 1800 425 3993 என்ற எண்ணுக்குப் போடுங்கள். அந்த அழைப்புக்குக் காசு கிடையாது.