வாய் பேசாவிட்டால் புரியாது என்று எழுதிவிடாதீர்கள்

மூளை முடக்குவாதம் உள்ள, பேச முடியாத குழந்தையை மாற்றுத்திறனாளிகளுக்கான மதிப்பீட்டு முகாமுக்குத் தூக்கி வருகிறார்கள். “உன் பேர் என்ன?”, “பந்து எங்கே, காட்டு” என்று இரண்டு கேள்வி. வாய் திறக்கவில்லை, கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உடனே அறிவுசார் குறைபாடு என்று தாளில் ஏறிவிடுகிறது. அங்கே சோதிக்கப்பட்டது தசைதான், புரிதல் இல்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்தக் குழந்தைகளுக்கென்றே சி-பில்ட் என்ற கணினிச் சோதனையை உருவாக்கினார்கள். சொல்லைக் கேட்டதும், திரையில் உள்ள படங்களில் சரியானதைக் குழந்தை கண்ணாலோ பொத்தானாலோ தேர்ந்தெடுக்கும். பேச்சே இல்லாத குழந்தைகளுக்குள் புரிதல் மிகவும் வேறுபடுவது அதில் தெரிந்தது. கைகால் கட்டுக்கடங்காமல் முறுக்கிக்கொள்ளும் வகையினர், விறைப்பு வகையினரைவிடச் சராசரியில் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். உடலைப் பார்த்து அறிவை எடைபோடுவது எவ்வளவு பெரிய தவறு!

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறிவுசார் குறைபாடு இருக்கத்தானே செய்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தைக்கு என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். கருவி இல்லை என்பதும் சாக்கு. இரண்டு படங்களைத் தள்ளிவைத்துப் பிடித்து, பெயர் சொல்லி, குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று பலமுறை பார்க்க என்ன செலவு? படத்தைக் காட்டிப் பதில் சொல்லப் படப்பலகை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் வீண். 2006-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பில் அப்படி ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை.

பெற்றோரே, முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறந்தபோது கடும் மஞ்சள் காமாலை வந்து மூளை பாதித்திருந்தால் ‘பெரா’ என்ற கேட்டல் சோதனையை விடவே கூடாது. கேட்காத குழந்தையையும் புரியாத குழந்தை என்றுதான் எழுதுவார்கள். பிறகு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியாளரிடம் கண்பார்வை வழியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தை எந்த வழியில் பதில் சொன்னது என்று அறிக்கையில் எழுதித் தரும்படி மனுவாகவே கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். அந்த ஒரு வரி இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் தவறாக வந்துவிட்டால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. யாரிடம் கொடுப்பது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி, அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் உரிமை. தலைமையாசிரியர் மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: குழந்தை எப்படிப் பதில் சொன்னது என்று எழுதாத அறிக்கையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.