பாடநூலில் ஒரு கட்டம்

கடை முகப்பிலுள்ள கியூஆர் குறியீட்டைச் செல்பேசியால் வருடிப் பணம் செலுத்துவது நமக்கு அன்றாட வழக்கமாகிவிட்டது. அதே குறியீட்டைத் தொடக்கப்பள்ளிப் பாடநூலில் பதித்துப் பயன்கண்டவர் மகாராஷ்டிர ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே.

பொறியியல் படிப்பை இடையில் கைவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்த அவர், 2009-ஆம் ஆண்டு சோலாப்பூர் மாவட்டம், பரிதேவாடி கிராமத்தின் அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தார். மாட்டுத் தொழுவத்திற்கும் கிடங்கிற்கும் நடுவே சிதைந்த கட்டடம். மாணவியர் வருகையோ மிகக் குறைவு. பிள்ளைகள் பேசிய கன்னடத்தில் பாடநூல்களும் இல்லை.

ஆகவே அவர் கன்னடம் கற்றார். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான நூல்களை அவர்களுக்கு விளங்கும்படி மாற்றியமைத்தார். பாடல்கள், கதைகள், காணொளிப் பாடங்கள், பயிற்சிகள் ஆகியவற்றைக் குறியீடுகள் வழியே இணைத்தார். பிள்ளைகளின் புரிதலைக் கவனித்து அவ்வப்போது அவற்றைத் திருத்தியும் வந்தார்.

2017-இல் மகாராஷ்டிர அரசு இம்முறையை எல்லா வகுப்புகளுக்கும் ஏற்றது. 2020-இல் உலக ஆசிரியர் பரிசான 10 லட்சம் டாலர் அவரைத் தேடி வந்தது. அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளித்தார்.

கருவியை வாங்கப் பணம் போதும். அதைப் பயனுறச் செய்யப் பிள்ளையின் மொழியறிந்த ஆசிரியர் வேண்டும். உங்கள் வீட்டுப் பாடநூலிலும் அக்கட்டம் இருக்கலாம். இன்று மாலை பிள்ளையுடன் அமர்ந்து ஒருமுறை வருடிப் பாருங்கள். கணக்கில் தொகை குறையாது. அறிவு இருப்பு கூடும்.