மடங்கும் நேரம் தெரிந்த மூட்டு

முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்குச் செயற்கைக் காலில் பெரிய பயம், ஊன்றும் நேரத்தில் அது மடங்கிவிடுமோ என்பதுதான். எடை காலில் இறங்கும்போது தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசையின் கோடு மூட்டின் சுழல்மையத்துக்கு முன்னால் போனால் கால் நிமிர்ந்து நிற்கும். பின்னால் போனால் மடங்கும். நல்ல காலில் தொடைத்தசை இதைச் சமாளித்துவிடும். செயற்கைக் காலில் தசை ஏது? அங்கே உடலசைவியல் வடிவக் கணக்காகிவிடுகிறது.

கதவுக் கீல்போல ஒரே அச்சில் திரும்பும் மூட்டில் சிக்கல் உண்டு. விழாமல் இருக்க அச்சைப் பின்னுக்குத் தள்ளினால், அடுத்த அடிக்கு மடங்காமல் முரண்டு பிடிக்கும். நுனிவிரல் தரையில் தட்டும். காலை அரைவட்டமாக வீசி நடக்க நேரும்.

சென்னை ஐஐடியின் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையம், பெங்களூரு மொபிலிட்டி இந்தியா போன்ற அமைப்புகளோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட 'கதம்' பல மைய மூட்டு. இவ்வகை மூட்டுகளில் பரவலானது நான்கு தண்டு அமைப்பு. முன் தண்டு, பின் தண்டு இரண்டின் கோடுகளையும் நீட்டினால் சந்திக்கும் இடமே சுழல்மையம். கால் நிமிர்ந்திருக்கையில் அது மேலே, பின்பக்கம் இருக்கும்; மடங்க மடங்க இடம் மாறும். ஊன்றும்போது உறுதி, வீசும்போது கால் சற்றுக் குட்டையாகி நுனிவிரல் தரைக்கு மேலே தப்பும். நம் முழங்காலிலும் தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு, குறுக்கே பின்னிய இரண்டு நார்கள் என்று கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். கபடிக்காரர்கள் 'லிகமென்ட் போச்சு' என்பது அந்த நார்களில் ஒன்றைத்தான்.

கதம் 160 பாகை வரை மடங்கும். நடக்க ஏறத்தாழ 60 போதும். மிச்சம் எதற்கு என்று கேட்பவர் டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் முட்டி இடித்து உட்கார்ந்ததில்லை போலும்.

மூட்டை மாட்டியதும் நடை வந்துவிடாது. குதிகால் படும் கணத்தில் எஞ்சிய தொடையைப் பின்னோக்கி அழுத்த, இடுப்புத் தசைக்குப் பழக்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியின் பெரும்பகுதி இதற்கே போகும். மரக்காணம் உப்பளத்தின் குறுகிய வரப்பும், இடையஞ்சாவடியின் செம்மண் சரிவும் சிமெண்ட் தரையில் கற்ற நடையைச் சோதிக்கும். இறக்கத்தில் விசைக்கோடு பின்னுக்கு நகர்ந்து, மூட்டை மடக்கப் பார்க்கும். அதனால் அடியைக் குறுக்கி, செயற்கைக் காலை முதலில் இறக்கச் சொல்கிறார்கள். ஏற்றத்தில் முதலில் போவது நல்ல கால்.