ஹாதோர்ன் ஆய்வுகள்

ஹாதோர்ன் ஆய்வுகள் என்பவை 1924 தொடங்கி 1930களின் தொடக்கம் வரை, ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோ நகரையொட்டிய சிசரோவில் இருந்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் நடத்தப்பட்ட தொடர் ஆய்வுகளாகும். மனிதர்கள் ஒரு நிறுவனத்துக்குள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள், எவ்வாறு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதை ஆராயும் 'நிறுவன நடத்தை' என்னும் துறைக்கு இவை அடித்தளமாகக் கருதப்படுகின்றன. வணிகவியல், மேலாண்மை, உளவியல் பாடநூல்கள் பலவற்றிலும் இவை இடம்பெறுகின்றன. ஆனால் பாடநூல்களில் சுருக்கிச் சொல்லப்படும் கதைக்கும் தொழிற்சாலையில் நடந்தவற்றுக்கும் இடையே வேறுபாடு உண்டு.

பின்னணி

ஹாதோர்ன் தொழிற்சாலை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அமெரிக்கத் தொலைபேசி வலையமைப்புக்குத் தேவையான கருவிகள் இங்கே செய்யப்பட்டன. 1920களின் இறுதியில் இங்கு ஏறத்தாழ 40,000 பேர் வேலை செய்தனர்.

அக்காலத்தில் மேலாண்மைச் சிந்தனையில் ஃபிரெடரிக் டெய்லரின் செல்வாக்கு மிகுந்திருந்தது. 1911இல் வெளியான அவருடைய நூல், ஒவ்வொரு வேலையையும் சிறு அசைவுகளாகப் பிரித்து, நேரம் கணக்கிட்டு, மிகச் சிறந்த ஒரே வழியைக் கண்டறிய வேண்டும் என்றது. தொழிலாளியைத் தனி மனிதராகப் பார்த்து, உடல் உழைப்பையும் கூலியையும் மட்டும் கணக்கில் கொண்ட அணுகுமுறை அது. ஹாதோர்ன் ஆய்வுகளும் முதலில் இந்தப் பார்வையிலேயே தொடங்கின.

வெளிச்ச ஆய்வு (1924–1927)

வேலையிடத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதே முதல் கேள்வி. சில பிரிவுகளில் வெளிச்சம் கூட்டப்பட்டது, உற்பத்தி உயர்ந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளிச்சத்தை மாற்றாமல் வைத்திருந்த குழுவிலும் உற்பத்தி உயர்ந்தது. வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தபோதும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நிலை வரும்வரை உற்பத்தி பெரிதாக விழவில்லை. வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் நேரடித் தொடர்பு காண முடியாமலே இந்த ஆய்வு முடிந்தது.

ரிலே பொருத்தும் அறை

1927இல் அடுத்த ஆய்வு தொடங்கியது. தொலைபேசி இணைப்புக்குத் தேவையான ரிலே என்னும் சிறு மின்கருவியைப் பொருத்தும் வேலையிலிருந்து ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தனி அறையில் அமர்த்தப்பட்டனர். ஐந்து பேர் பொருத்துவார்கள். ஒருவர் பாகங்களை எடுத்துக் கொடுப்பார். முடிந்த ஒவ்வொரு ரிலேயும் ஒரு சரிவுக் குழாய் வழியே விழும்போது எண்ணிக்கை தானாகப் பதிவாகும்.

இடைவேளைகள் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தப்பட்டன. முதலில் ஐந்து நிமிடங்களில் இரண்டு, பிறகு பத்து நிமிடங்களில் இரண்டு, பிறகு ஐந்து நிமிடங்களில் ஆறு என்று மாற்றிப் பார்த்தனர். ஆறு முறை நிறுத்தினால் கைவேகம் தடைப்படுகிறது என்று பெண்கள் சொன்னார்கள். உற்பத்தியும் அப்போது சற்றுக் குறைந்தது. பின்னர் வேலை நேரம் குறைக்கப்பட்டது. சனிக்கிழமை வேலை சில காலம் நிறுத்தப்பட்டது. மாற்றங்களைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டியே பேசி, கருத்தும் கேட்டனர்.

பன்னிரண்டாவது கட்டத்தில் எல்லாச் சலுகைகளும் திரும்பப் பெறப்பட்டன. இடைவேளை இல்லாத 48 மணி நேர வேலை வாரம் மீண்டும் வந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் வேகம் சற்றுக் குறைந்தாலும், வாரத்தின் மொத்த உற்பத்தி உயர்ந்தே நின்றது. இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. சலுகைகளைவிட, குழுவாகச் சேர்ந்து வேலை செய்த உணர்வும், தங்கள் சொல்லுக்கு மதிப்பு கிடைத்ததும், கடுமையற்ற மேற்பார்வையுமே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.

பெரும்பாலும் சொல்லப்படாத இரண்டு செய்திகள்

முதலாவது கூலி பற்றியது. இந்தப் பெண்கள் முன்பு நூறு பேர் அளவிலான பெரிய பிரிவின் மொத்த உற்பத்தியை வைத்துக் கூலி பெற்றனர். தனி அறைக்கு வந்தபின் அவர்களுடைய சிறு குழுவின் உற்பத்தியே கணக்காயிற்று. ஒருவர் கூடுதலாக உழைத்தால் அதன் பலன் நூறு பேரிடையே கரையாமல், அந்தச் சில பேருக்கே கிடைத்தது.

இதன் பங்கை அறிய இரண்டு துணை ஆய்வுகள் நடந்தன. மற்றொரு ரிலே குழுவில் கூலி முறை மட்டும் மாற்றப்பட்டது. உற்பத்தி ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்தது. பழைய கூலி முறைக்குத் திரும்பியதும் அது விழுந்தது. மைக்கா தகடு பிரிக்கும் குழுவில் கூலி முறையை மாற்றாமல் இடைவேளை முதலியவை மட்டும் தரப்பட்டன. அங்கும் ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்வு காணப்பட்டது. ஆகவே கூலி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கூலிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. 1928 ஜனவரியில் அந்த அறையிலிருந்த இரண்டு பெண்கள் நீக்கப்பட்டு, அவர்கள் இடத்தில் வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்பதே அவர்கள்மீது வைக்கப்பட்ட குறை. புதிதாக வந்தவர்கள் வேகமாக வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருவர் விரைவிலேயே குழுவுக்குத் தலைவர்போல ஆனார். உற்பத்தி உயர்ந்ததற்கு நட்பான சூழல் காரணமா, இருவர் வெளியேற்றப்பட்டதைக் கண்ட மற்றவர்களின் எச்சரிக்கை காரணமா என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

நேர்காணல் திட்டம் (1928–1930)

இதே காலத்தில் 21,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தப்பட்டது. தொடக்கத்தில் முன்பே எழுதிய கேள்விகள் கேட்கப்பட்டன. கேள்விக்கு நேரான பதில் சொல்லாமல், தொழிலாளர்கள் தங்கள் மனத்தில் இருந்ததையே பேசினார்கள். எனவே கேள்விப் பட்டியல் கைவிடப்பட்டு, குறுக்கிடாமல் கேட்கும் முறை பின்பற்றப்பட்டது. அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது. பணியாளரின் மனக்குறையைக் காதுகொடுத்துக் கேட்பது மேலாண்மையின் கடமைகளுள் ஒன்று என்ற கருத்து வலுப்பெற இத்திட்டம் உதவியது.

கம்பி இணைக்கும் அறை (1931–1932)

கடைசி ஆய்வில் 14 ஆண்கள் இருந்தனர்: கம்பி இணைப்போர் ஒன்பது பேர், பற்றவைப்போர் மூவர், சரிபார்ப்போர் இருவர். இங்கே எதையும் மாற்றவில்லை, நடப்பதைக் கவனித்தனர்.

குழு முழுவதன் உற்பத்திக்கேற்பக் கூலி தரப்பட்டது. எனவே எல்லோரும் முடிந்தவரை அதிகம் செய்வார்கள் என்பதே நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. ஒரு நாளுக்கு இவ்வளவு வேலை போதும் என்று தொழிலாளர்களே ஓர் அளவு வைத்திருந்தனர். அதைத் தாண்டி விரைந்து செய்பவர் கேலி செய்யப்பட்டார். சில வேளை மேற்கையில் ஒரு குத்தும் விழுந்தது. மிகக் குறைவாகச் செய்பவரையும், மேலதிகாரியிடம் காட்டிக்கொடுப்பவரையும் குழு ஏற்கவில்லை. ஒரு நாள் கூடுதலாகச் செய்ததை மறுநாள் கணக்கில் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் இருந்தது.

அதிகம் செய்து காட்டினால் கூலி வீதம் குறைக்கப்படும், அல்லது சிலருக்கு வேலை போகும் என்று அவர்கள் நம்பினார்கள். அது பெரும் பொருளாதார மந்தக் காலம். 1932 மே மாதம் இந்த ஆய்வே போதிய வேலை இல்லாததால் நிறுத்தப்பட்டது. அவர்களுடைய அச்சத்தைக் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது.

நிறுவன நடத்தையின் அடிப்படைக் கருத்துகள்

இரண்டு அறைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது துறையின் அடிப்படைக் கருத்துகள் தெளிவாகின்றன.

முறைசார் அமைப்பும் முறைசாரா அமைப்பும்: பதவி, விதி, மேற்பார்வை ஆகியவை நிறுவனம் வகுத்தவை. நட்பு, கேலி, எழுதப்படாத கட்டுப்பாடு ஆகியவை மனிதர்கள் தாமே உருவாக்கிக்கொள்பவை. வேலை நடப்பது இரண்டின் வழியாகவும்தான்.

குழு நெறி: எது நியாயமான உழைப்பு, யார் நல்ல கூட்டாளி என்பதைக் குழுவே தீர்மானிக்கிறது. தனி மனிதர் பெரும்பாலும் இந்த நெறியை மீறத் தயங்குகிறார்.

குழு ஒற்றுமை: ஒற்றுமை மிகுந்தால் உற்பத்தி உயரும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ரிலே அறையில் ஒன்றுபட்ட குழு உற்பத்தியை உயர்த்தியது. கம்பி அறையில் ஒன்றுபட்ட குழு அதை ஓர் அளவுக்குள் நிறுத்தியது. கூடுதல் உழைப்பின் பலன் தமக்கு வரும் என்று நம்பக் காரணம் இருந்ததா, அது தமக்கே எதிராகத் திரும்பும் என்று அஞ்சக் காரணம் இருந்ததா என்பதே இரண்டு அறைகளுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு.

ஹாதோர்ன் விளைவு

கவனிக்கப்படுகிறோம் என்று அறிந்தவர்கள் அதனாலேயே தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வது 'ஹாதோர்ன் விளைவு' எனப்படுகிறது. இப்பெயர் ஆய்வுகள் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1950களில் வழக்குக்கு வந்தது. மருத்துவம், கல்வி முதலிய துறைகளின் ஆய்வாளர்களும் இதைக் கருத்தில் கொள்கின்றனர். ஆனால் இப்பெயருக்குக் காரணமான ஆய்விலேயே அந்த விளைவு எவ்வளவு இருந்தது என்பது விவாதத்துக்குரியது.

பரவலும் விமர்சனமும்

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் எல்டன் மேயோ 1928 முதல் இந்த ஆய்வுகளோடு தொடர்பு கொண்டார். அவருடைய எழுத்துகளால் இவை உலகறிந்தன. ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் வில்லியம் டிக்சனும் 1939இல் விரிவான அறிக்கையை நூலாக வெளியிட்டனர். இவற்றிலிருந்து 'மனித உறவு' அணுகுமுறை வளர்ந்தது.

1967இல் அலெக்ஸ் கேரி, கூலியின் பங்கும் கண்டிப்பின் பங்கும் குறைத்துக் காட்டப்பட்டதாகக் கடுமையாக விமர்சித்தார். 1978இல் ஃபிராங்கி, கௌல் ஆகியோர் ரிலே அறையின் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, இரு பெண்கள் மாற்றப்பட்ட பிறகு வந்த கட்டுப்பாடு, பொருளாதார மந்தம், ஓய்வு நேரம் ஆகியவற்றால் உற்பத்தி மாற்றத்தின் பெரும்பகுதியை விளக்க முடியும் என்றனர். வெளிச்ச ஆய்வின் பழைய தரவுகளை ஆராய்ந்த லெவிட், லிஸ்ட் ஆகியோர், பரவலாகச் சொல்லப்படும் வியத்தகு விளைவுக்கு அவற்றில் போதிய சான்று இல்லை என்று 2011இல் எழுதினர். தொழிற்சங்கங்களையும் முதலாளி–தொழிலாளி முரண்பாட்டையும் மேயோ போதிய அளவு கருதவில்லை என்ற குறையும் உண்டு.

முக்கியத்துவம்

ஹாதோர்ன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. அங்கு எழுந்த கேள்விகள் இன்றும் உயிருடன் உள்ளன. 'கவனம் செலுத்தினால் போதும், தொழிலாளி மகிழ்ந்து உழைப்பார்' என்று மட்டும் இந்த ஆய்வுகளைப் புரிந்துகொள்வது தவறு. அப்படிப் புரிந்துகொண்டால் நியாயமான கூலி, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றின் இடத்தில் இன்சொல்லை மட்டும் வைத்துவிட நேரும். கூலியும் மதிப்பும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அவற்றைத் தொழிலாளர் தனியாக அல்ல, உடன் வேலை செய்வோருடன் சேர்ந்தே எடைபோடுகின்றனர். இதுவே ஹாதோர்ன் ஆய்வுகளிலிருந்து மாணவர்கள் அறிய வேண்டிய முதன்மையான செய்தி.