செம்பையும் சாய்கோவ்ஸ்கியும்

பழைய ஒலிப்பதிவு ஒன்றில் திளைத்த அன்பர் ஒருவர், "நேற்றிரவு செம்பையைக் கேட்டேன்" என்கிறார். மேனாட்டு இசையில் நாட்டமுடைய அவர் நண்பர், "நான் சாய்கோவ்ஸ்கியைக் கேட்டேன்" என்கிறார். இரண்டு வாக்கியங்களும் ஓர் அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். ஆயினும் இலக்கணக் கண்கொண்டு நோக்கின் வேறுபாடு புலனாகும். செம்பை என்பது ஓர் ஊர். அப்பெயர் அவ்வூரைச் சார்ந்த பாடகருக்கு ஆகிவந்தமையால் அஃது இடவாகுபெயர். சாய்கோவ்ஸ்கி என்பதோ ஒரு மனிதரின் பெயர். அஃது அவர் இயற்றிய இசைக்கு ஆகிவந்தமையால் கருத்தாவாகுபெயர். 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்பது போன்றது. ஓர் இசைவாணரின் பெயர் மக்கள் நாவில் வாழும் வகை இரண்டினையும் இவ்விரு பெயர்களிலே காணலாம்.

முதலில் நம்மவரைப் பார்ப்போம். பாலக்காட்டு மாவட்டத்தில் கோட்டாயியை அடுத்த சிறு கிராமம் செம்பை. வைத்தியநாதர் என்பது பெற்றோர் இட்ட பெயர். பாகவதர் என்பது இசைநெறியால் வந்த சிறப்பு. ஊரும் பேரும் சிறப்பும் கூடிச் செம்பை வைத்தியநாத பாகவதர் என்றாயிற்று. இம்மூன்றனுள் மக்கள் தமக்கென எடுத்துக்கொண்டது ஊரை மட்டுமே. அரியக்குடி, செம்மங்குடி, மகாராஜபுரம் என்பனவும் இவ்வாறே. அவ்வூர்களை ஒருநாளும் கண்டிராதவர்க்கும் அப்பெயரைக் கேட்டவுடன் ஒரு குரல் செவியில் எழுகின்றது.

ருஷ்ய இசை மேதையின் முழுப்பெயர் பியோத்தர் இலியிச் சாய்கோவ்ஸ்கி. 1840-இல் வோட்கின்ஸ்க் என்னும் ஊரில் பிறந்து 1893-இல் மறைந்தவர். பியோத்தர் அவர்தம் இயற்பெயர், இலியிச் என்றால் இலியாவின் மகன் என்று பொருள், மூன்றாவது குலப்பெயர். ஊர்ப்பெயர்க்கு இதில் இடமே இல்லை. அவருடைய முன்னோர் 'சாய்க்கா' என்று வழங்கப்பெற்றனர். ருஷ்ய மொழியில் அச்சொல் கடற்காக்கையைக் குறிக்கும். பாட்டனார் காலத்தில் அது சாய்கோவ்ஸ்கி என நீண்டது. பறவைப் பெயரைக் குலப்பெயராகக் கொண்டவர் அன்னங்களின் கதையை ஆடலிசையாக்கி, 'அன்ன ஏரி' என்னும் புகழ்பெற்ற படைப்பைத் தந்தது இனியதோர் இயைபு. மாஸ்கோவில் அஃது 1877-இல் அரங்கேறியது.

இப்பெயர் அயல்மொழிகளில் புகுந்தபோது பட்ட பாடு கொஞ்சமன்று. ருஷ்ய மொழியில் அதன் முதலொலியைக் குறிக்க ஓரெழுத்துப் போதும். பிரெஞ்சுக்காரர் மூன்று எழுத்துகளைக் கூட்டினர். ஆங்கிலேயரும் அதனையே ஏற்றனர். ஜெர்மானியர்க்கோ நான்கு தேவைப்பட்டன. அமெரிக்காவில் 1941-இல் அரங்கேறிய இசை நாடகம் ஒன்றில் டேனி கே என்னும் நடிகர், ஏறத்தாழ ஐம்பது ருஷ்ய இசைஞர்களின் பெயர்களை மூச்சுவிடாது அடுக்கிப் பாடி அவையை நகைப்பில் ஆழ்த்தினார். அப்பாட்டின் தலைப்பிலேயே சாய்கோவ்ஸ்கியின் பெயர் இருந்தது. 1956-இல் சக் பெர்ரி பாடிய துள்ளிசைப் பாட்டிலும் அப்பெயர் வருகின்றது. நாவில் எளிதில் புரளாமையே நகைப்புக்குக் காரணம். ஆயினும், சொல்ல அரிது என்று உலகம் அப்பெயரைச் சுருக்கிவிடவில்லை. இசையின்மீது கொண்ட விருப்பால் பெயரையும் முயன்று கற்றுக்கொண்டது.

பின்னர் ருஷ்ய நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. காமா நதியில் அணைகட்டியபோது, அவர் பிறந்த ஊருக்கு அணித்தாக ஒரு புதிய குடியிருப்பு எழுந்தது. 1962-இல் நகரத் தகுதி பெற்ற அவ்வூரின் பெயர் சாய்கோவ்ஸ்கி. அங்கே மனிதர் ஊருக்குப் பெயர் தந்தார். இங்கே ஊர் மனிதருக்குப் பெயர் தந்தது. தந்த பெயர் அவரோடு நின்றுவிடவும் இல்லை. 1974-இல் பாகவதர் மறைந்த பின், குருவாயூரில் ஏகாதசியையொட்டி நிகழும் இசைவிழா செம்பை சங்கீதோற்சவம் ஆயிற்று. பாலக்காட்டு அரசு இசைக் கல்லூரியும் செம்பையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. 1996-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது. சிற்றூரின் பெயர் ஒரு குரலில் ஏறி நாடெங்கும் உலவி, விழாவாகவும் கல்லூரியாகவும் வீடு திரும்பியிருக்கிறது.

பிறமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மிருதங்க மேதை பாலக்காடு ரகு 1928-இல் பிறந்தது பர்மாவின் இரங்கூனில். பிறந்த இடம் கடல்கடந்த நகரமாயினும், பெயருக்கு முன் நின்றது முன்னோரின் ஊரே. அரசு ஆவணங்களில் 'பால்காட்' என்னும் ஆங்கில வடிவம் நீங்கிப் பாலக்காடு என்பதே நிலைத்த பின்னரும், இசையுலகில் பழைய வடிவம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கின்றது.

அலுவலகப் படிவங்களை மொழிபெயர்க்குங்கால் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தை நான் அடிக்கடி எதிர்கொள்வதுண்டு. சாய்கோவ்ஸ்கிக்கு அக்கட்டம் பொருந்தும், செம்பைக்குப் பொருந்தாது. நம்மில் பலர் அக்கட்டத்தை நிரப்புவதற்காகத் தந்தை பெயரைக் குலப்பெயராக்கி, ஊரைக் குறித்த முதலெழுத்தை விட்டுவிடுகிறோம். ஒரு தலைமுறை கழிந்தால் அவ்வெழுத்து எதனைக் குறித்தது என்று கூற வீட்டில் எவரும் இரார். கல்பாத்தியிலிருந்து வந்தவராயினும் ஆகுக, தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவராயினும் ஆகுக, இது எல்லார்க்கும் பொது.

படிவத்தின் கட்டத்தை நாம் மாற்ற இயலாது. ஆனால் இன்று மாலையே நம் பிள்ளைகளை அருகில் அழைத்து, அவ்வோரெழுத்து எந்த ஊர், அந்த ஊர் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்று சொல்லிவைக்கலாம். சொல்லிவைத்த பெயர் மறையாது; என்றேனும் ஒருநாள் யாரேனும் ஒருவர் அதனைப் பாடவும் கூடும்.